தள்ளாடுகிறவரெல்லாம் குடித்தவர் இல்லை

புதுச்சேரியில் ஒருவர் பட்டப்பகலில் தள்ளாடி நடந்தால் ஊர் என்ன நினைக்கும்? கேட்கவே வேண்டாம். சனி ஞாயிறுகளில் வெளியூரிலிருந்து பஸ் பிடித்து வருகிறவர்களுக்கே இந்த ஊர் எதற்குப் பேர்போனது என்று தெரியும். கண் ஓரிடத்தில் நிற்காமல் ஆடுகிறது, நாக்கு குழறுகிறது, கால் பின்னுகிறது... பஸ் ஸ்டாண்டில் பக்கத்தில் இருப்பவர் மூக்கைச் சுளித்துக்கொண்டு நகர்ந்து உட்காருவார். கண்டக்டர் ஏற்றத் தயங்குவார். அதுவே ஒரு பெண்ணாக இருந்தால் "காத்து கருப்பு அண்டியிருக்கு" என்று கோயிலுக்குக் கூட்டிப் போகச் சொல்வார்கள்.

அவர் ஒரு சொட்டுக்கூடக் குடிக்காதவராக இருக்கலாம். டாக்டர் சொன்ன மாத்திரையை, சொன்ன நேரத்தில், சொன்ன அளவில், ஒருவேளைகூடத் தவறாமல் போட்டுக்கொண்டவராக இருக்கலாம். வலிப்புக்குக் கொடுக்கப்படும் அந்த மாத்திரையின் பெயர் ஃபெனிடாயின். மருந்துச் சீட்டில் பெரும்பாலும் எப்டாயின் என்று எழுதியிருக்கும். 1938ல் அமெரிக்காவில் மெரிட், புட்னம் என்ற இருவர் இது வலிப்பைக் கட்டுப்படுத்தும் என்று காட்டினார்கள். எண்பது வருஷம் தாண்டியும் ஏழைகளின் வலிப்பு மருந்துகளில் இதற்கு முதல் வரிசையில் இடம் உண்டு, காரணம் விலை. ஆனால் ரத்தத்தில் இதன் அளவு கொஞ்சம் மீறினால் முதலில் கண் ஆடும், பிறகு நடை தள்ளாடும், பேச்சு குழறும். அச்சு அசல் குடித்தவர் தோற்றம்தான்.

ஒரே மாத்திரை, ஒரே அளவு. ஒருவர் நிம்மதியாக வேலைக்குப் போகிறார், இன்னொருவர் நடுத்தெருவில் தள்ளாடுகிறார். ஏன்? இந்தக் கேள்விக்குத் தமிழர்களைப் பொறுத்தவரை பதிலில் பெரும்பகுதி இதே ஊரில், கோரிமேட்டில், ஜிப்மரில் கண்டுபிடிக்கப்பட்டது. அது எத்தனை பேருக்குத் தெரியும்? பிரெஞ்சுக்காரர்கள் 1823ல் வைத்த மருத்துவப் பள்ளிதான் வளர்ந்து இந்த நிறுவனம் ஆனது என்பதைப் பெருமையாகச் சொல்லத் தெரிந்தவர்களுக்குக்கூட, அங்கே மருந்தியல் துறையில் சி. ஆதித்தன் என்ற பேராசிரியரும் அவருடைய மாணவர்களும் தமிழர்களின் ரத்தத்தில் என்ன தேடினார்கள் என்பது தெரியாது.

அவர்கள் தேடியது வலிப்பை உண்டாக்கும் ஜீனை அல்ல. இந்த இடத்தில்தான் எல்லோரும் குழம்புகிறார்கள். அவர்கள் தேடியது வலிப்பு மாத்திரையைக் கல்லீரலில் உடைத்து வெளியேற்றும் என்சைமுக்கான ஜீனை. அந்த என்சைமின் பெயர் வாயில் நுழையாது: சி.ஒய்.பி.2சி9. பெயரை விடுங்கள், வேலையைப் பாருங்கள்.

ஒரு பேங்க் கிளையைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். கவுண்டரில் ஒரு கேஷியர். ஒரு மணி நேரத்தில் அதிகபட்சம் முப்பது பேரை அனுப்புவார். இருபத்தைந்து பேர் வரும்வரை பிரச்சினை இல்லை, வந்தவர் போய்க்கொண்டே இருப்பார். முப்பத்தைந்து பேர் வர ஆரம்பித்தால்? கூட்டம் ஐந்து பேர் கூடியதோடு நிற்காது. மணிக்கு ஐந்து பேர் தேங்கி, சாயங்காலத்துக்குள் வரிசை வாசலைத் தாண்டிவிடும். ஃபெனிடாயின் இப்படிப்பட்ட மருந்து. ஒரு நாளைக்கு 300 மில்லிகிராம் சாப்பிடுகிறவருக்கு 400 ஆக்கினால் ரத்தத்திலும் மூன்றில் ஒரு பங்குதான் கூடும் என்று கணக்குப் பாடம் சொல்லும். கல்லீரல் அந்தக் கணக்கைப் படித்ததில்லை. சிலருக்கு அது இரண்டு மடங்கையும் தாண்டிப் போகும். ரத்தத்தில் ஒரு மில்லிலிட்டருக்கு 10 முதல் 20 மைக்ரோகிராம் வரைதான் சரியான அளவு. 10க்குக் கீழே வலிப்பு வரலாம், 20க்கு மேலே கண் ஆடத் தொடங்கும், 30ஐத் தாண்டினால் நடை போய்விடும். இவ்வளவு குறுகலான வரப்பின்மேல் நடக்கிற மருந்து இது.

இதில் கேஷியரே மந்தமானவராக இருந்தால்? அந்த என்சைமின் ஜீனில் 'ஸ்டார் 3' என்று ஒரு வகை உண்டு. அதை வைத்திருப்பவரின் என்சைம் மெதுவாக வேலை செய்யும். ஆதித்தன் குழு 2003ல் வெளியிட்ட ஆய்வின்படி தமிழரிடம் இந்த ஜீனின் 100 பிரதிகளில் ஏறத்தாழ 7 இந்த மந்த வகை. அம்மா வழியில் ஒன்று, அப்பா வழியில் ஒன்று என ஒவ்வொருவரிடமும் இரண்டு பிரதிகள் இருப்பதால், கணக்குப் போட்டால் ஏறக்குறைய எட்டுப் பேருக்கு ஒருவரிடம் குறைந்தது ஒரு மந்தப் பிரதி இருக்கும். ஒரு டவுன் பஸ்ஸில் 48 பேர் உட்கார்ந்திருந்தால் அதில் ஆறு பேர்! இது அபூர்வ நோய்க் கணக்கு இல்லை. ஐரோப்பியர்களிடம் அதிகம் காணப்படுவது 'ஸ்டார் 2' என்ற வேறு வகை, நம் பக்கத்தில் அதைவிட ஸ்டார் 3 அதிகம். அங்கே அச்சடித்த புத்தகத்தின் அளவை அப்படியே இங்கே எழுதிக் கொடுத்தால் எப்படிப் பொருந்தும்?

2006ல் அதே குழு ஆரோக்கியமான தென்னிந்தியர்களிடம் ஃபெனிடாயின் கொடுத்துப் பார்த்து, மந்த வகை உள்ளவர்கள் அதை மெதுவாகவே உடைக்கிறார்கள் என்று காட்டியது. 2010ல் ஜிப்மரின் நரம்பியல் மருத்துவர் சுனில் நாராயணுடன் சேர்ந்து அடுத்த படி. இந்த முறை ஆரோக்கியமானவர்கள் இல்லை, நிஜமான வலிப்பு நோயாளிகள். மாத்திரையால் தள்ளாட்டம், கண்ணாட்டம் வந்தவர்களையும் வராதவர்களையும் ஒப்பிட்டார்கள். ஸ்டார் 3 வைத்திருப்பவர்களுக்கு அந்த ஆபத்து தெளிவாகவே அதிகம். ஆக, தள்ளாடியவர் செய்த தவறு ஒன்றுமில்லை, மாத்திரையைக் கூடுதலாகப் போட்டுக்கொண்டதும் இல்லை. அவருடைய உடம்புக்கு அந்த அளவு அதிகம், அவ்வளவுதான்.

இதில் என்ன பெரிய விஷயம், அளவைக் குறைத்தால் சரியாகிவிடாதா என்று கேட்கலாம். சரியாகிவிடும், யாராவது கண்டுபிடித்தால். விழுப்புரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறவர் இரண்டு பஸ் மாறி வந்து, ஒரு நாள் கூலியை விட்டு, மாத்திரை வாங்கிக்கொண்டு போகிறார். பத்து நாளில் தலை சுற்றுகிறது, நடக்க முடியவில்லை. மறுபடி கிளம்பி வருவாரா? "மாத்திரை ஒத்துக்கல, சூடு" என்று தானாகவே நிறுத்திவிடுவார். வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்துவது சாதாரண விஷயம் இல்லை. நிற்காமல் அடுத்தடுத்து வலிப்பு வந்து உயிரே போகலாம். அடுப்பிலோ கிணற்றிலோ விழுந்து போன உயிர்களுக்குக் கணக்கே கிடையாது. பிறகு ஊரில் என்ன பேசிக்கொள்வார்கள்? "பெரியாஸ்பத்திரி வரைக்கும் போய்ப் பார்த்தாச்சு, கேக்கல. மந்திரிச்சாத்தான் ஆகும்." எட்டுப் பேரில் ஒருவரின் மந்த என்சைம், மந்திரவாதிக்கு இப்படித்தான் வியாபாரம் பிடித்துக் கொடுக்கிறது.

சரி, இப்போது கோபப்பட வேண்டிய இடத்துக்கு வருவோம்.

'வலிப்பு', 'ஜீன்' என்ற இரண்டு வார்த்தைகளை ஒரே வாக்கியத்தில் சொல்லிப் பாருங்கள். கேட்கிறவர் மாத்திரை அளவைப் பற்றி யோசிக்கவே மாட்டார். "அப்போ பரம்பரையா வருமா?" என்பார். கல்யாணத் தரகர் கேட்கிற கேள்வி இது. படித்தவர்களும் இதையேதான் கேட்கிறார்கள். பத்திரிகைகளும் "வலிப்புக்குக் காரணமான ஜீன் கண்டுபிடிப்பு" என்று நாலு காலத்தில் போட்டு அந்தக் கேள்விக்குத் தீனி போடுகின்றன. மாத்திரையை உடைக்கும் ஜீனைப் பற்றிய செய்திக்கு நாலு வரிகூடக் கிடைக்காது. அதில் மர்மமும் இல்லை, குடும்ப ரகசியமும் இல்லை.

சட்டமே தரகர் பக்கம்தான் இருந்தது ரொம்ப நாள். இந்துத் திருமணச் சட்டத்தில் 1976ல் திருத்தம் செய்தபோது, திரும்பத் திரும்பச் சித்தப்பிரமையோ வலிப்போ வருகிறவர் திருமணத்துக்குத் தகுதியில்லாதவர் என்று எழுதி வைத்தார்கள். சித்தப்பிரமையையும் வலிப்பையும் ஒரே வரியில்! டாக்டர்களும் இந்திய வலிப்பு நோய்ச் சங்கமும் போராடி, 1999 டிசம்பரில்தான் 'வலிப்பு' என்ற சொல் நீக்கப்பட்டது. இதில் நம் ஊருக்கே உரிய ஒரு வேடிக்கை உண்டு. 1881ல் பிரெஞ்சு அரசு கொண்டுவந்த ஆணைப்படி சொந்த சாதி-மத வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குப் போனவர்களின் வாரிசுகளுக்கு, அதாவது ரெனோன்சான்களுக்கு, புதுச்சேரியில் இந்துத் திருமணச் சட்டம் பொருந்தாது. அதனால் 1976 முதல் 1999 வரை ஒரே தெருவில் இருந்த இரண்டு இந்துக் குடும்பங்களில் ஒரு வீட்டு வலிப்பு திருமணத்துக்குத் தடை, அடுத்த வீட்டு வலிப்பு தடை இல்லை. நோய் அதேதான்!

சட்டத்திலிருந்து போய்விட்டது, வீட்டிலிருந்து போகவில்லை. இன்றும் பெண்ணுக்கு வலிப்பு என்றால் மறைத்துக் கல்யாணம் செய்கிறார்கள். மறைத்தபின் புகுந்த வீட்டில் மாத்திரையை எப்படிப் போடுவாள்? மாமியார் கண்ணில் படாமல், அரிசி டப்பாவில் ஒளித்து வைத்து, பாதி நாள் போட்டும் பாதி நாள் போடாமலும். அப்புறம் பந்தியிலோ பிரசவத்திலோ வலிப்பு வந்தால் "ஏமாத்திட்டாங்க" என்று பஞ்சாயத்து. கர்ப்பத்துக்கு முன்பே டாக்டரிடம் பேசி மருந்தை மாற்ற வேண்டியவளும் இவள்தான். வால்ப்ரோயேட் என்ற வலிப்பு மருந்து கருவிலிருக்கும் குழந்தையின் தண்டுவடத்தையும் மூளை வளர்ச்சியையும் பாதிக்கலாம். ஒளித்து மாத்திரை போடுகிறவள் யாரிடம் போய்க் கேட்பாள்?

இவ்வளவு கொடுமைக்கும் காரணமான அந்தப் 'பரம்பரை' பயத்துக்கு அடிப்படை எவ்வளவு? பெற்றோரில் ஒருவருக்கு வலிப்பு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு 100க்கு நாலைந்து. யாருக்குமே இல்லாத குடும்பத்திலும் 100க்கு ஒன்று உண்டு. அதாவது வலிப்பு உள்ளவர்களின் பிள்ளைகளில் 95 பேருக்கு வரப்போவதில்லை. இந்த நாலைந்துக்குப் பயந்து சம்பந்தத்தை முறிக்கிற குடும்பமே, சொத்து வெளியே போகக்கூடாது என்று அக்கா மகளைக் கட்டி வைக்கத் தயங்குவதில்லை. லஃபோரா நோய் போன்ற சில கொடிய வலிப்பு நோய்கள், இரண்டு பக்கமும் ஒரே பழுதுபட்ட ஜீன் வந்தால் மட்டுமே உண்டாகும். நெருங்கிய சொந்தத்தில் கல்யாணம் செய்தால் அந்த வாய்ப்பு கூடும். தென்னிந்தியக் குடும்பங்களில் இந்த நோய் பதிவாகியும் இருக்கிறது. பயப்பட வேண்டிய இடத்தில் பந்தி போடுகிறார்கள், பயப்பட வேண்டாத இடத்தில் ஜாதகத்தைத் திருப்பி அனுப்புகிறார்கள்.

'ஜீனால் வருவது' என்றால் 'பரம்பரையாக வருவது' என்று அர்த்தமே இல்லை. குழந்தைகளுக்கு வரும் ட்ராவே நோய்க்குறி என்ற கடுமையான வலிப்புக்குக் காரணம் எஸ்.சி.என்.1ஏ என்ற ஜீன் என்று 2001ல் பெல்ஜியத்தில் கண்டுபிடித்தார்கள். பார்த்த ஏழு குழந்தைகளிடமும் பழுது இருந்தது, பெற்றோரிடம் இல்லை! கரு உருவாகும் சமயத்தில் புதிதாக ஏற்பட்ட மாற்றம் அது. "உங்க வம்சத்துல இருக்கு" என்று மருமகளைக் குத்திக் காட்டுகிற மாமியார் இதைப் படித்தால் நன்றாக இருக்கும். அதைவிட முக்கியம், அந்த ஜீன் பழுதான குழந்தைக்கு ஃபெனிடாயின், கார்பமாசெபைன் போன்ற வழக்கமான மருந்துகள் வலிப்பை அதிகப்படுத்தும். இங்கேயும் ஜீன் சொல்லும் உருப்படியான செய்தி எந்த மாத்திரை என்பதுதான், எந்த வம்சம் என்பது இல்லை.

பக்கத்து வேலூருக்குப் போனால் கதை இன்னும் மாறும். சி.எம்.சி. மருத்துவமனையின் நரம்பு அறுவை மருத்துவர் வேதாந்தம் ராஜசேகர் குழு வேலூர் வட்டாரத்தில் மக்களிடையே வலிப்பைக் கணக்கெடுத்து 2006ல் வெளியிட்டது. தொடர்ந்து வலிப்பு உள்ளவர்களில் சுமார் மூன்றில் ஒருவருக்குக் காரணம் மூளையில் போய்த் தங்கிய நாடாப்புழுவின் கட்டி. பன்றி இறைச்சி சாப்பிட்டால்தான் வரும் என்று நினைக்க வேண்டாம். புழு உள்ளவரின் மலத்திலிருந்து அதன் முட்டை தண்ணீரிலும் காய்கறியிலும் கலந்தால் சுத்த சைவருக்கும் வரும். மூன்றில் ஒரு பங்கு வலிப்பு கக்கூஸ் கட்டினால், கை கழுவினால் தடுக்கக்கூடியது! இதற்கு எந்த ஜாதகத்தில் எந்தக் கட்டத்தைப் பார்ப்பது?

ஆக, ஜீன் ஆராய்ச்சியே வேண்டாம், மாத்திரையைக் கொடுத்தால் போதும் என்று ஒரு கட்சி கிளம்பும். அந்தக் கட்சிக்குப் பாதி நியாயம் உண்டு. கர்நாடகத்தின் எளந்தூரில் பெங்களூரு டாக்டர் கே.எஸ். மணி குழு ஃபெனோபார்பிடோன், ஃபெனிடாயின் என்ற இரண்டே பழைய மலிவு மருந்துகளை வைத்துக்கொண்டு கிராமத்திலேயே வலிப்பைக் கட்டுப்படுத்திக் காட்டியது. சிகிச்சை பெற்றவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் வலிப்பில்லாமல் வாழ்ந்தார்கள். 2001ல் 'லான்செட்' இதழில் அது வெளிவந்தது. உலக சுகாதார நிறுவனமும் சரியான சிகிச்சை கிடைத்தால் 70 சதவீதம் பேர் வலிப்பில்லாமல் வாழலாம் என்கிறது. ஆனால் மாத்திரையைக் கொடுத்துவிட்டுத் தள்ளாடுகிறவரைத் திரும்பிப் பார்க்காத திட்டம், எட்டுப் பேரில் ஒருவரை மந்திரவாதியிடம் தள்ளிவிடும் திட்டம். அதைச் சொன்னது ஜீன் ஆராய்ச்சிதானே!

எதிர்க்கட்சி ஒன்றும் இருக்கிறது: எல்லோருக்கும் ஜீன் டெஸ்ட் எடுத்துவிடலாம் என்பவர்கள். எச்சில் துப்பி அனுப்பினால் பல ஆயிரம் ரூபாய்க்கு வண்ண வண்ண ரிப்போர்ட் தருகிற கம்பெனிகளுக்கு இது பிடித்தமான வாதம். மாத்திரைக்கே பஸ் செலவைக் கணக்குப் பார்க்கிறவரிடம் இதைச் சொல்வதற்குக் கொஞ்சம் தைரியம் வேண்டும். புது மருந்து லெவெடிராசெட்டம் இந்த என்சைமை நம்பி இல்லை, அதையே எல்லோருக்கும் கொடுக்கலாமே என்றும் சொல்வார்கள். கொடுக்கலாம், விலையை யார் ஏற்பது என்று சொல்லிவிட்டு.

ஆதித்தன் குழுவின் கண்டுபிடிப்பை ஏழைக்குப் பயன்படுத்த லேப் தேவையில்லை. எட்டில் ஒருவர் மந்தம் என்று தெரிந்துவிட்டது, யார் அந்த ஒருவர் என்று தெரியாது. அப்படியானால் எல்லோரிடமும் அவராக இருக்கலாம் என்று நடந்துகொள்ள வேண்டியதுதான். கடன் கொடுக்கிற எந்த வங்கியும் இப்படித்தான் யோசிக்கும். குறைந்த அளவில் தொடங்கு, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டு, இரண்டு வாரத்தில் ஒருமுறை பார். மந்தமாக உடைப்பவர்களுக்கு வழக்கமான அளவில் கால் பங்கு முதல் பாதி வரை குறைக்கச் சொல்லி 2014ல் வந்த சர்வதேச வழிகாட்டி நெறியே இருக்கிறது. ரத்தத்தில் மருந்து அளவைப் பார்க்கும் சோதனை ஜீன் டெஸ்டைவிட மலிவு, அதையாவது மாவட்டத் தலைமை மருத்துவமனை வரை கொண்டுவரலாம்.

தமிழ்நாட்டில் 2021ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுபோய்க் கொடுத்தது. பி.பி. மாத்திரையை ஒரு வாரம் விட்டால் உடனே யாரும் அடுப்பில் விழுவதில்லை. ஒரு வேளை விட்டாலே விழக்கூடியவருக்கு மட்டும் ஏன் இரண்டு பஸ்? அந்தப் பையில் வலிப்பு மாத்திரைக்கும் இடம் உண்டு என்று தமிழ்நாடும் புதுச்சேரியும் முடிவு செய்ய எந்த ஜீனும் குறுக்கே நிற்கவில்லை. 2022ல் உலக சுகாதார சபை ஏற்றுக்கொண்ட திட்டப்படி 2031க்குள் வலிப்பு உள்ளவர்களில் 80 சதவீதம் பேருக்கு மருந்து கிடைக்க வேண்டும். 2031 ரொம்பத் தூரத்தில் இல்லை.

மாத்திரை கொடுக்கப் போகிற செவிலியர் கூடவே மூன்று வேலை செய்தால் போதும். ஒரு பேனாவை முகத்துக்கு நேரே பிடித்து இடமும் வலமும் நகர்த்தி, கண் ஆடுகிறதா என்று பார்க்க வேண்டும். வாசலிலிருந்து பைப்படி வரை நேர்கோட்டில் நடந்து காட்டச் சொல்ல வேண்டும். "மாத்திரையை நிறுத்திட்டீங்களா, ஏன்?" என்று திட்டாமல் கேட்க வேண்டும். கண் ஆடினால் அன்றைக்கே டாக்டருக்கு ஒரு போன். மொத்தம் ஐந்து நிமிஷம்தான் ஆகும்.